மடக்கும் போன்: கீல் தாங்குமா?

மடக்கும் போனுக்கு மாறலாமா, வேண்டாமா என்று கேட்டு வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (காசிமேடு): மீன் ஏலம் எடுத்து சில்லறைக்குப் பிரித்துக் கொடுக்கும் வியாபாரம் எனக்கு. விடியற்காலையிலிருந்து போன் கையிலேயே இருக்கும். பெரிய போன் சட்டைப் பாக்கெட்டில் நிற்காமல் விழுகிறது என்று மடக்கும் போன் பார்த்தேன். “ஐ.பி.48 சார், தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது” என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் சரி. ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் போனுக்குள் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறியீடு. 48 என்பதை நாற்பத்தெட்டு என்று படிக்கக் கூடாது; நாலு, எட்டு என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும். பின்னால் உள்ள 8 தண்ணீருக்கானது. ஒன்றரை மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்று கம்பெனிகள் இதற்கு விளக்கம் தருகின்றன. முன்னால் உள்ள 4 தூசிக்கானது. 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பருமன் உள்ள பொருள் உள்ளே புகாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மடங்காத நல்ல போன்களில் 68 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 6 இருந்தால்தான் தூசியே புகாது என்று பொருள்.

கடற்கரை மணலில் பெரும்பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இருக்கும். எண்ணூர் பக்கம் காற்றில் வரும் சாம்பலும் நிலக்கரித் தூளும் அதைவிடப் பல மடங்கு நுண்மை. ஆகவே நம் பகுதியில் காற்றில் இருக்கும் எதையும் அந்த 4 தடுக்காது. சாம்சங் ஃபிளிப் 3, 4, 5 மாடல்களில் ஐ.பி.எக்ஸ்8 என்று போட்டிருக்கும். அந்த ‘எக்ஸ்’ இருந்தால் தூசிக்கு மதிப்பீடே கொடுக்கவில்லை என்று பொருள். ஃபிளிப் 6-லும் 7-லும்தான் அது 48 ஆனது.

தூசி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், மடிப்பின் முதுகில் இருக்கும் ஹிஞ்ச், அதாவது கீல், ஒரு இயந்திரம். அதற்குள் சின்னச் சின்னப் பற்சக்கரங்களும் தகடுகளும் இருக்கின்றன. தூசியைத் தள்ளிவிட நுண்ணிய நார்த் தூரிகையும் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டி ஒரு மணல்துகள் உள்ளே போய்விட்டால், திறந்து மூடும்போது முதலில் நறநறவென்று சத்தம் வரும். அடுத்து, முழுதாகத் திறந்தாலும் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்காது. துகள் டிஸ்ப்ளேக்கு அடியில் நகர்ந்தால் கீழிருந்து குத்தும். ஒருநாள் மூடித் திறக்கும்போது டிஸ்ப்ளே பேனலில் கோடு விழுந்திருக்கும்.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உங்கள் கையில் படுவது ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர், செதில், மீன் ரத்தம். உப்பு ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் போர்ட்டின் பின்களில் பச்சைக் களிம்பு ஏறி, சில வாரத்தில் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். இதில் முக்கியமாக ஒன்று: ஐ.பி. எண் அட்டையில் அச்சிட்டிருந்தாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியில் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனவே ஏலக் கூடத்தில் புழங்கும் போனாக இது உங்களுக்கு வேண்டாம். அங்கே ஐ.பி.68 உள்ள மடங்காத போனோ, பட்டன் போனோ போதும். ஆசை விடவில்லை என்றால் மடக்கும் போனை வீட்டுக்கும் வெளி வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, சார்ஜ் போர்ட் கீழே பார்க்கும்படி மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் பாதி திறந்த நிலையில் நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜர் பக்கமே போக வேண்டாம். அரிசி டப்பாவில் போடுவது எந்தப் போனுக்கும் நல்லதில்லை; மடக்கும் போனில் அந்த அரிசி மாவும் ஹிஞ்சுக்குள் போகும். மணல் ஒட்டியிருந்தால் திறந்து மூடிப் பார்க்காதீர்கள். படம் வரையும் உலர்ந்த மெல்லிய தூரிகையால் மடிப்பின் இரண்டு ஓரங்களையும் வெளிப்பக்கமாகத் தட்டி விடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். கடையில் இருக்கும் புளோயர், துகளை இன்னும் உள்ளே தள்ளும்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது போனைத் திறப்பேன். எத்தனை வருஷம் உழைக்கும்? தோழியின் போனில் நடுவில் பிளாஸ்டிக் உரிந்து நிற்கிறது. அது என்ன கோளாறு?

பதில்: ஃபிளிப் 6 வரையிலான மாடல்களுக்கு 2 லட்சம் முறை மடக்கிச் சோதித்ததாக சாம்சங் சொல்லி வந்தது. நாளுக்கு 100 தடவை என்று வைத்தால் 2,000 நாள், அதாவது ஐந்தரை வருஷம் வரும். 150 தடவை என்றால் மூன்றரை வருஷத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அந்தச் சோதனையில் இயந்திரம் தூசியில்லாத அறையில் ஒரே சீராக மடக்கும். நாம் வேர்வைக் கையோடு, அவசரத்தில், ஒரு பக்கமாக அழுத்தி மூடுகிறோம். அதனால் அந்தக் கணக்கை மேல் எல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோழியின் போனில் உரிந்திருப்பது கண்ணாடி இல்லை, அதன் மேல் ஒட்டிய காப்பு ஃபிலிம். இந்த டிஸ்ப்ளேயில் இருக்கும் மடங்கும் கண்ணாடி பல மாடல்களில் சுமார் 30 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. ஃபிலிம் இல்லாமல் அது நிற்காது. மடிப்பில் பசை தினமும் இழுபட்டு, நம் ஊர் வெயிலில் இளகி, ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் நடுக்கோட்டில் குமிழ் விடுவது இந்த வகைப் போன்களில் சகஜம். அதைத் தொழிற்சாலைக் குறை என்று பயப்பட வேண்டாம். அப்படியே விடவும் கூடாது. குமிழுக்குள் தூசி போய்விட்டால் விரல் அழுத்தும்போது கண்ணாடியில் கீறல் விழும், மேலே சொன்ன கதைதான் பிறகு. சர்வீஸ் சென்டரில் ஃபிலிமை மட்டும் மாற்றித் தருவார்கள். நாமே உரித்து எடுத்துவிட்டு, கடையில் வேறு ‘ஸ்கிரீன் கார்டு’ ஒட்டுவதுதான் பேனலைக் கொல்லும் வேலை. டெம்பர்டு கிளாஸ் இந்த டிஸ்ப்ளேக்குக் கிடையவே கிடையாது. அது மடங்காது.

உங்கள் வேலைக்கு இன்னும் மூன்று விஷயம். நகம் வளர்த்திருந்தால் விரல் நுனியின் சதைப்பகுதியால் தொடுங்கள். நகத்தை ஊன்றினால் பள்ளம் விழுந்து மறையாது. போனுக்குள் பில், பஸ் டிக்கெட், பத்து ரூபாய் நோட்டு என்று எதையும் வைத்து மூடாதீர்கள். துணியில் குத்தும் குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டே போனைத் திறக்கும் பழக்கம் ஜவுளிக்கடையில் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): பேட்டரி ஒரு நாள் தாங்குமா?

பதில்: பேட்டரியின் கொள்ளளவு ஃபிளிப் 6-ல் 4,000, ஃபிளிப் 7-ல் 4,300 எம்.ஏ.எச். இதே விலையில் வரும் மடங்காத போன்களில் 5,000 சாதாரணம். வாட்ஸ்அப், பேச்சு, கொஞ்சம் ரீல்ஸ் என்றால் இரவு வரை வரும். ஹாட்ஸ்பாட் போட்டு, வெயிலில் வீடியோ எடுத்தால் மாலைக்குள் சார்ஜர் தேடுவீர்கள். உள்ளே இருப்பது ஒரு பேட்டரி இல்லை, பாதிக்கு ஒன்றாக இரண்டு. பேட்டரி மாற்றும் நாள் வரும்போது சாதாரண போனுக்கு ஆகிற செலவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): கடைக்கு ஒரு சிம், வீட்டுக்கு ஒரு சிம் என்று இரண்டு வைத்திருக்கிறேன். மெமரி கார்டும் உண்டு. மடக்கும் போனில் இதெல்லாம் போட முடியுமா?

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள், நீங்கள் முன்பே கேட்டது நல்லது. சாம்சங் ஃபிளிப்பானாலும் மோட்டோ ரேசரானாலும் ஒரே ஒரு நானோ சிம்தான் போடலாம். இரண்டாவது எண்ணை இ-சிம் ஆக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம் ஆக, மாற்ற வேண்டும். மெமரி கார்டுக்கு இடமே இல்லை. அதனால் வாங்கும்போதே 256 ஜி.பி. எடுங்கள்.

எந்த எண்ணை இ-சிம் ஆக்குவது என்பதில் நிதானம் வேண்டும். போன் டிஸ்ப்ளே போய்விட்டால் பிளாஸ்டிக் சிம்மை உருவி வேறு போனில் போட்டு அடுத்த நிமிடமே பேசலாம். இ-சிம்மை அப்படி எடுக்க முடியாது; கம்பெனியிடம் கோரிக்கை வைத்து, புதிதாக க்யூஆர் வாங்கி இன்னொரு போனில் ஏற்ற வேண்டும். சிம் மாற்றினால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் வரை எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கும் விதியும் இருக்கிறது. அந்த ஒரு நாளில் ஓடிபி வராமல் வியாபாரம் நின்றுவிடும். ஆகவே வங்கிக் கணக்கோடு இணைத்த எண் பிளாஸ்டிக் சிம்மாகவே இருக்கட்டும். மற்றதை இ-சிம் ஆக்குங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): என் அம்மாவுக்கு 68 வயது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். டச் போன் பழகவில்லை, தெரியாமல் கை பட்டு யாருக்காவது போன் கால் போய்விடுகிறது. மடக்கும் போன் என்றால் மூடினால் கட் ஆகிவிடும் என்பதால் அதை வாங்கித் தரலாமா? எந்த வகை?

பதில்: அம்மாவுக்கு மடக்கும் ஸ்மார்ட்போன் வேண்டாம். முதல் காரணம் பேஸ்மேக்கர். அந்தப் போன்கள் மூடி நிற்பதற்கு உள்ளே காந்தம் வைத்திருக்கிறார்கள். காந்தம் பேஸ்மேக்கரின் வேலையை மாற்றிவிடக்கூடும் என்பதால், இத்தகைய போனைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைக்கச் சொல்கிறார்கள். ஜாக்கெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்ளும் வழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. எந்தப் போனாக இருந்தாலும் அவர் அதை இனிமேல் கைப்பையில் வைக்கட்டும். கருவியின் மாடலைச் சொல்லி இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டாவது காரணம், அந்த ஹிஞ்ச் விறைப்பானது. இரண்டு கையால் விரித்துத்தான் திறக்க வேண்டும். மூட்டுவலி உள்ள விரலுக்குக் கஷ்டம்.

பட்டன் வைத்த ஃபிளிப் போன் பொருத்தம். உதாரணத்துக்கு 2022-ல் இந்தியாவுக்கு வந்த நோக்கியா 2660 ஃபிளிப்: உள்ளே 2.8 அங்குலத் திரை, வெளியே அழைப்பவர் பெயர் தெரிய 1.77 அங்குலத் திரை, பெரிய பட்டன்கள், கழற்றி மாற்றக்கூடிய 1,450 எம்.ஏ.எச். பேட்டரி, 4ஜி. பக்கத்தில் அவசரப் பட்டன் உண்டு. அதில் ஐந்து எண்கள் வரை பதிந்து வைக்கலாம். காது கேட்கும் கருவி வைப்பவருக்கும் ஒத்துப்போகும். காந்த விஷயத்தில் இதையும் 15 செ.மீ. தள்ளியே வைக்கட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். இதில் வாட்ஸ்அப் இல்லை. பேரன் பேத்தியை வீடியோ காலில் பார்க்க முடியாது; அதற்கு வீட்டில் ஒரு டேப்லெட் இருக்க வேண்டும். கேமரா பெயருக்குத்தான். சார்ஜ் செய்ய பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. பின், வீட்டில் இருக்கும் டைப்-சி ஒயர் சேராது. பணம் அனுப்ப யூ.பி.ஐ. 123பே வழி உண்டு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022-ல் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி எண்களை அழுத்திச் செய்யலாம். ஆனால் முதல் தடவை நீங்கள் பக்கத்தில் இருந்து டெபிட் கார்டு விவரம் கொடுத்து பின் போட்டுத் தர வேண்டும்.

பழைய போனில் உள்ள பெயர்களை சிம் வழியாகப் புதுப் போனுக்கு மாற்றுவதில் பலர் தடுமாறுகிறார்கள். சிம்மில் சுமார் 250 பெயர்தான் அடங்கும், பெயருக்கு ஒரு எண்தான். தமிழில் பதிந்தால் ஆங்கிலத்தில் கொள்ளும் நீளத்தில் பாதிதான் நிற்கும். ‘பெரியப்பா மகன் செந்தில்’ என்பது ‘பெரியப்’போடு அறுந்துவிடும். அதனால் அம்மாவுக்குத் தேவையான 20, 30 பேரை மட்டும் சின்னப் பெயராக நீங்களே போன் மெமரியில் தட்டிக் கொடுங்கள். 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு, 3-ஐப் பிடித்தால் தங்கைக்கு என்று ஸ்பீடு டயலும் போடுங்கள். தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 70 எழுத்துக்குறி ஒரு மெசேஜ். ‘கி’ என்பதே இரண்டாகக் கணக்காகும். ஆங்கிலத்தில் 160.

கடைக்கு அம்மாவையே கூட்டிப் போய், அவர் கையாலேயே பத்துத் தடவை திறந்து மூடச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (ராயபுரம்): பர்மா பஜாரில் வெளிநாட்டு ஃபிளிப் போன் ஒன்று குறைந்த விலைக்குச் சொல்கிறார்கள். பட்டன் மாடலும் இருக்கிறது, மடங்கும் டிஸ்ப்ளே உள்ள பழசும் இருக்கிறது. எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பதில்: பட்டன் மாடல் என்றால் முதலில் நெட்வொர்க். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 2004-ல் வந்த ரேசர் வி3 மாதிரி அழகான பழைய போன்களில் ஜியோ சிம் போட்டால் உயிரே வராது. ஏர்டெல், வி சிம்மில் 2ஜி பேச்சு மட்டும் வரும். 4ஜி என்று எழுதியிருந்தாலும் போதாது. ஜியோவின் 4ஜி 3, 5, 40 ஆகிய பேண்டுகளில், அதாவது அலைவரிசைகளில், ஓடுகிறது. ஜப்பான், அமெரிக்க மாடல்கள் பலவற்றில் 40 இருக்காது. பேண்டு சேர்ந்தாலும், 4ஜி வழியாகவே பேசும் வோல்டி வசதி நம் ஊர் கம்பெனிக்குத் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்நெட் வரும், பேச்சு வராது. பேச்சு இல்லாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு ஒரு கால் செய்து, பேசும்போது மேலே வோல்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. வரும். உங்கள் போனில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் தட்டி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ‘பிளாக்லிஸ்ட்’, ‘டூப்ளிகேட்’ என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திருட்டுப் போன் கையில் இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். பில் கேட்டு வாங்குங்கள்.

மடங்கும் டிஸ்ப்ளே உள்ளதை எடுப்பதாக இருந்தால் வெளிச்சத்துக்கு வாருங்கள். சாம்சங்கில் *#0*# அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுத் திரையில் ஓடவிட்டு மடிப்பில் கோடோ கறுப்புப் புள்ளியோ தெரிகிறதா பாருங்கள். சுமார் 90 டிகிரியில் பாதி திறந்து நிறுத்தினால் நிற்க வேண்டும். தானாக விழுந்தால் ஹிஞ்ச் தளர்ந்துவிட்டது. காதருகே வைத்துத் திறந்து மூடுங்கள், நறநற சத்தம் கூடாது. மேசையில் விரித்து வைத்தால் தட்டையாக உட்கார வேண்டும். மடிப்பில் விரல் ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுவது இயல்பு, அதற்காகத் தள்ள வேண்டாம். கொரியா, ஜப்பான் மாடல்கள் பலவற்றில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. நம் ஊர் வாரண்டியும் செல்லாது.

கேள்வி (பெரம்பூர்): வாங்கி ஒன்றேகால் வருஷம். நேற்று திறந்தபோது மடிப்பில் கறுப்புக் கோடு. இன்று கொஞ்சம் பரவியிருக்கிறது. வெளிக்கடையில் பாதி விலையில் ‘காம்போ’ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது) மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இதைப் படித்ததும் போனை மூடுவதை நிறுத்துங்கள். திறந்தபடியே மேசையில் வையுங்கள். ஒவ்வொரு மடக்கும் அந்தக் கோட்டை அகலமாக்கும்; டச் இன்று வேலை செய்கிறது என்பதால் நாளையும் செய்யும் என்று சொல்ல முடியாது. முதல் வேலை பேக்கப். வாட்ஸ்அப் சாட்டை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். படங்களை டைப்-சி ஒயர் போட்டு இன்னொரு போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றுங்கள். அனுமதி கேட்கும் பெட்டி உள்திரையில்தான் வரும், அது உயிரோடு இருக்கும்போதே முடித்தாக வேண்டும். பிறகு யூ.பி.ஐ., வங்கி ஆப்களை வேறு போனில் பதிவு செய்து, சிம்மை எடுத்துவிடுங்கள்.

வெளிக்கடை விஷயத்தில், கடைக்காரரின் கைத்திறமையைக் குறை சொல்லவில்லை. மின்ட் பக்கமும் பர்மா பஜாரிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது மூன்று கேள்வி. பேனல் மட்டும் மாற்றுகிறாரா, ஃபிரேமும் ஹிஞ்சும் சேர்த்தா? உங்கள் பழைய ஹிஞ்சில் மணல் இருந்து அதுதான் பேனலைக் குத்தியது என்றால், அதே ஹிஞ்சில் புதுப் பேனல் ஒட்டினால் அதுவும் போகும். புதுப் பேனலில் மேலே கண்ணாடி அடுக்கு இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக்கா? இரண்டு பாதியையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பட்டைகள் ஹிஞ்ச் வழியாகத்தான் போகின்றன. வேலையில் அது கிழிந்தால் யார் பொறுப்பு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தந்தால் யோசிக்கலாம். எப்படி மாற்றினாலும் வெளிக்கடையில் திறந்த போனுக்குத் தண்ணீர்த் தடுப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்துமூலம் எஸ்டிமேட் வாங்குங்கள். உள் டிஸ்ப்ளேயை அவர்கள் ஃபிரேம், ஹிஞ்சோடு ஒரே தொகுதியாக மாற்றுவதால்தான் தொகை பெரிதாகத் தெரிகிறது. வங்கிக் கார்டு வழியாகவோ கடையிலோ, உடைந்தால் செலவை ஏற்கும் டேமேஜ் பிளான் எடுத்திருக்கிறீர்களா என்று பில்லைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வருஷத் திட்டமாக இருந்தால் இன்னும் ஒன்பது மாதம் மிச்சம் இருக்கும். இப்போது புதிதாக வாங்கப் போகிறவர்கள், அந்தத் திட்டத்தைப் பொதுவாக போன் வாங்கிய குறிப்பிட்ட காலத்துக்குள்தான் எடுக்க முடியும் என்பதால், அதன் விலையையும் போன் விலையோடு கூட்டி, அந்தத் தொகை கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகவும்.